கைமாற்று மணல்

முனிர்க்கா, மூன்றாம் மாடி. ஜனவரி.
எதிர்மனையில் ஐந்தாவது தளம் ஏறியதிலிருந்து
எங்கள் பால்கனிக்கு வெயில் இல்லை.

இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து வந்த மதிவதனி
கோட்டுப் பையிலிருந்து
இரண்டு கை மணலைக் கொட்டினாள்.
"அவங்களுதுதான். வாட்ச்மேன் தூங்கறான்."

சலித்து, அலசி,
இரும்புச் சட்டியில் ஈரம் போகக் காய்ச்சி
பச்சைக் கடலையைப் போட்டோம்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு பட்.
அப்புறம் எங்கே எண்ணுவது.

வார்டு சண்டையைச் சொல்லும் மும்முரத்தில்
கரண்டியை நிறுத்திவிட்டாள்;
பாதி கருகல்.
கருகலையும் தின்றோம், தோலை ஊதி ஊதி.

கடலை தீர்ந்து வெகுநேரமாகியும்
மணல் ஆறவில்லை.
பழைய காலுறையில் கட்டி
அவள் பாதத்தடியில் வைத்தேன்.

தூக்கத்தில் முனகுகிறாள்:
"காலைல திருப்பிக் கொட்டிடணும்."