எங்க வெச்சு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
மழைக்கு ஒதுங்கிய வண்டிகளில்
என்னுடையதும் ஒன்று.
தொண்ணூற்றொன்பதாம் வருடத்து எஸ்டீம்,
பாசி நிறம்.
ஃபில்டர் மாற்றினேன். சைலன்சர் மாற்றினேன்.
கோயம்புத்தூருக்கு அனுப்பி
கேம் ஷாஃப்டை ஒரு மயிரிழை சீவி வாங்கினேன்.
அவ்வளவுதான்.
நான் அவ்வளவுதான் என்று சொல்லும்போதெல்லாம்
அஜிதகுமாரி கணக்கு நோட்டை
இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருப்பாள்.

பக்கத்து இருக்கையில் ஒரு பெட்டி.
பெல்ட் போட்டு உட்கார்த்தியிருந்தேன்.
உள்ளே இரட்டைச் சுருள் ஸ்பிரிங்குகள்,
அவற்றின் தலைக்கு டைட்டானியம் தொப்பிகள்.
அறுபத்தெட்டாயிரம்.
எங்கள் பாஷையில் சொன்னால்
மூன்றரைக் குவிண்டால் ரப்பர் ஷீட்.

ஏசுவடியான் பெட்டியைப் பார்க்கவில்லை.
டாப்பெட் கவரைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:
"எத்தன சுத்துல ஓட்டுவீரு?"
ஏழாயிரம், என்றேன்.
"எங்க வெச்சு?"

எங்கே வைத்து.
குழித்துறைப் பாலத்தில் எதிரே பஸ்.
தக்கலையில் பள்ளிக்கூடம் விடும் நேரம்.
வில்லுக்குறியில் கல் லாரி,
சுங்கான்கடையில் அதற்கு முன்னால் போன கல் லாரி.
வடசேரி முழுக்க இரண்டாவது கியர்.
ஆரல்வாய்மொழி தாண்டினால்தான் ரோடு நீளும்.
நீண்ட கொஞ்ச நேரத்தில்
முப்பந்தலில் மாவட்டம் தீர்ந்துபோகும்.

"வேகம் கூடுனா வால்வு மெதக்கும், கேட்டீரா.
கேம் அதுபாட்டுக்குப் போயிரும்,
வால்வு இன்னும் வீடு வந்து சேந்திருக்காது.
அப்பமாக்கும் கட்டி ஸ்பிரிங்கு வேண்டியது.
உம்ம வால்வு எல்லாம்
எட்டு மணிக்கே கஞ்சி குடிச்சிட்டு உறங்குது ஓய்."

நாளைக்குப் பெரிய கேம் போட்டால்?
"போட்ட அன்னைக்கு வாரும்."

ஆனாலும் மனது கேட்கவில்லை.
குடோனிலிருந்து என் தராசைக் கொண்டுவந்தேன்,
புகைக்கூட்டின் மணம் போகாத தராசு.
ட்ரில் மெஷினுக்குக் கீழே அதை வைத்து
ஒவ்வொரு ஸ்பிரிங்காக அழுத்தினார்.
ஒரே உயரம் வரைக்கும். அதற்குமேல் ஒரு நூல் இல்லை.
ஷீட் எடை எழுதுகிற ரசீதுப் புத்தகத்தில்
நான் எழுதினேன்:
பதினொன்று. பதினொன்று.
பதினொன்றேகால்.
பதினொன்று.
மூன்றாவது சிலிண்டர், புகை போகிற பக்கம்,
எட்டேகால்.

இருவரும் பேசவில்லை.
மழை மட்டும் தகரத்தில் பேசியது.
அவர் அதை எடுத்துத் திரும்பவும் வைத்தார்.
எட்டேகால்.

"கட்டி போராதது இல்ல இது.
களைச்சுப் போனது."

கம்பெனி ஸ்பிரிங் ஒரு செட்,
கூடவே வால்வு சீல், எல்லாம் சேர்த்து
நாலாயிரம்கூட ஆகவில்லை.
பெட்டியை அப்போதுதான் ஒரு முறை பார்த்தார்.
"சாமான் நல்ல சாமானாக்கும்.
ஆனா இத இறுக்கினா
தெனமும் கேமைப் போட்டு அமுக்கும்.
சந்தைக்குப் போற வழியில
எதுக்கு அது தேயணும்?"

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை
ஆரல்வாய்மொழியில் மூன்றாவது கியர்.
இரண்டு பக்கமும் காற்றாலைகள்,
நிமிடத்துக்குப் பதினைந்து சுற்று இருக்கும்,
அதில்தான் அவ்வளவு கறண்டும்.
என் முள் ஐயாயிரம் தாண்டியது.
ஆறாயிரம்.
ஆறாயிரத்து இருநூறு.
தடுமாற்றம் இல்லை, தட்டல் இல்லை,
பதினாறும் போய்ப் போய்த் திரும்பின.
அதற்குமேல் காலே தானாக எழுந்துகொண்டது.
பின்னாலிருந்து திருநெல்வேலி பஸ்
ஒரு நீள ஹாரனோடு
என்னை முந்திக்கொண்டு போனது.

பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை.
குடோனில், ஒட்டுப்பால் மூட்டைகளுக்குப் பின்னால்,
பிரிக்காமல் இருக்கிறது.
அஜிதகுமாரிக்குத் தெரியாது.
அல்லது தெரியும்;
அந்த மூலையை மட்டும்
பெருக்காமல் விடுகிறாள்.