கேஜ் நோட்டு, நீடாமங்கலம்

தணிக்கைக்கு வந்த நோட்டில்
பிப்ரவரியிலிருந்து மே வரை
லஸ்கர் சந்தனசாமி
ஒரே சொல்லைத்தான் எழுதியிருந்தார்.
வெண்ணாறு, நில்.
கோரையாறு, நில்.
பாமணியாறு, நில்.

இங்கிலீஷில் ஒன்றுமில்லை என்று பொருள்.
தமிழில் படித்தால்
ஓடாத ஆற்றை யாரோ அதட்டுகிறார்கள்.

சிரித்துவிட்டு அகராதியைப் புரட்டினேன்.
லத்தீனில் அது இன்னும் நீளமாம்:
ஒரு துணுக்குகூட இல்லை.
என்ன துணுக்கு?
பயறு காயோடு ஒட்டியிருந்த இடத்தில்
ஒரு தழும்பு, அதுவாக இருக்கலாம் என்கிறார்கள்.
சத்தியம் செய்ய ஆளில்லை.
பிறகு பயறு உதிர்ந்து, தழும்பும் தேய்ந்து
இல்லை மட்டும் கப்பலேறி வந்தது.
பந்தாட்டத்தில் தோற்றவன் கணக்கானது.
பத்திர ஆபீசில்
வில்லங்கம்: நில்.

அந்தத் தாளைக் காட்டித்தான்
சந்தனசாமி மூணு மா விற்றார்,
மகள் நர்சிங் சேர்ந்த வருஷம்.
விற்ற வயலிலேயே
இப்போது வாரத்துக்கு விதைக்கிறாராம்.

மதகடியில் நின்று கேட்டேன்.
“ஆறு நின்னுதான சார் கெடக்கு,
வேற என்னான்னு எழுத?”
சொல்லிக்கொண்டே மடியிலிருந்து
உளுந்து அள்ளிக் காட்டினார்.
சம்பாத் தாளுக்குள் பனி குடித்தே விளைந்தது.
ஒன்றை நகத்தின்மேல் வைத்துப் பார்த்தேன்.
கறுப்பில் ஒரு வெள்ளைக் கீறல்.

தணிக்கைக் குறிப்பு:
‘நில்’ என்பதற்குப் பதிலாக
இனி 0.00 என எழுதவும்.
சிவப்பு மையில் அதை எழுதிவிட்டுத்தான்
பஸ் ஏறினேன்.

கொரடாச்சேரி தாண்டியதும்
சட்டைப் பைக்குள் விரல் விட்டேன்.
அந்த ஒன்று இருந்தது.