இழப்பு: பூஜ்யம்

டர்பனில், அம்பிலோ மேட்டில், டயர்க் கடைக்கு மேல்மாடியில்
இரண்டு கணினிகளை ஒரே கேபிளால் பிணைத்து
ஒன்றை மற்றதன் மேல் ஏவிவிட்டிருக்கிறேன்.
நொடிக்கு ஒரு கோடியே நாற்பத்தெட்டு லட்சம் பொட்டலங்கள்.
எல்லாம் பொடிசு, அறுபத்து நாலு பைட்.
பெரியதை எந்த நெட்வொர்க் அட்டையும் தாங்கும்.
பந்தியில் அண்டா தூக்க நாலு பேர் ஓடிவருவார்கள்,
கொட்டிய கடுகைப் பொறுக்கத்தான் ஆள் கிடையாது.

உள்ளே எழுதியிருப்பது ஒன்றுமில்லை.
சுழியம், சுழியம், கடைசியில் ஒரு வரிசை எண்.
யாரும் யாருக்கும் எழுதாத கடிதம்.
ஆனாலும் ஒன்றுகூடக் கணக்கில்லாமல் தொலையக் கூடாது
என்கிறது ஒப்பந்தத்தின் பதினோராவது பிரிவு.

ஏனென்றால் இந்த அட்டைகள் துறைமுகத்துக்குப் போகின்றன,
பளுதூக்கிகளுக்குள்.
முப்பது டன் பெட்டி அந்தரத்தில் ஆட,
கீழே மஞ்சள் மேல்சட்டைக்காரர் ஒருவர்
போனைப் பார்த்தபடி நடந்து போக,
'நில்' என்ற சொல்
இப்படி ஒரு பொடிசில்தான் வந்து சேரும்.

முதல் இரவு சரியாகப் போயிற்று.
விசிறிகள் இரைந்தன, அவ்வளவுதான்.

செவ்வாய் இரவு
அனுப்பியதிலிருந்து பெற்றதைக் கழித்தால்
பதினேழு.
டிரைவரைக் கேட்டேன். இழப்பு: 0.
திரும்பவும் கேட்டேன்.
0.

கேபிளை மாற்றினேன். துளையை மாற்றினேன்.
குறுக்கீடுகளை எட்டுச் செயலிகளுக்கும் பிரித்துக் கொடுத்தேன்.
வளையத்தை ஐந்நூற்றுப் பன்னிரண்டிலிருந்து
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறாக்கினேன்.
லுங்கெலோ தன் அக்காவின் முடி உலர்த்தியைக் கொண்டுவந்து
அட்டைக்குச் சூடு காட்டினான்.
புதன் சுத்தம். வியாழன் சுத்தம்.
வெள்ளி, இருபத்து மூன்று.

'இத்தனை லட்சம் கோடியில் இருபத்து மூன்றா?'
முதலாளி சேகரன் பாத்தர் சிரித்தார்.
'எங்கள் கடைக் கல்லாவில் தினமும் இதைவிட உதைக்கும்.'
அவர் சொன்னது நியாயம்தான்.
எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ரொட்டிக்குள் அவரைக் கறியை அடைத்துத் தின்றுகொண்டிருந்தோம்.
லுங்கெலோ போனைப் பார்த்துச் சொன்னான்:
'இன்றைக்கும் இரண்டு மணிக்கு நம்ம பக்கம் மின்வெட்டு.'
இன்றைக்கும் என்றால்?
'செவ்வாய் போல. வெள்ளி போல.'

மிளகாய் எண்ணெய் வழிய வழிய
அந்தக் கையாலேயே விசைப்பலகைக்கு ஓடினேன்.

மின்சாரம் போய் பேட்டரி கைகொடுக்கும்
அந்தக் கண்ணிமைப்பில்
அட்டைக்கு மயக்கம் வருகிறது.
டிரைவர் தண்ணீர் தெளித்து எழுப்புகிறது.
எழுப்புமுன் வளையத்தைக் கழுவுகிறது:
வந்து காத்திருந்த பதினேழையும்,
இதுவரை எத்தனை தொலைந்தது என்று
எழுதிவைத்த சிலேட்டையும் சேர்த்து.
பிறகு, சுத்தமாக, 0.

'மயங்கினேன்' என்று அது பதிவேட்டில் சொல்லத்தான் செய்யும்.
பதிவேடு நிரம்பி வழிகிறதென்று
அந்த வரியை அணைத்து வைத்தவன் நான்.

நாலே வரிதான் சேர்த்தேன்.
கழுவுமுன் எண்ணு. எண்ணியதை வேறிடத்தில் வை.
வை என்றபின்தான் கழுவு.

சனி இரவு முழு வெள்ளத்தையும் திறந்துவிட்டு
லுங்கெலோ மெயின் சுவிட்சை
நாற்பது தடவை அணைத்து அணைத்துப் போட்டான்.
கீழே டயர்க் கடைக் காவலாளி கெட்ட வார்த்தையில் கத்தினார்.
நாற்பதாவது முறை திரையில்
இழப்பு: 712.
கழித்துப் பார்த்தேன். 712.

நான் கைதட்டியது அவனுக்குப் புரியவில்லை.
'இன்னும் தொலையுதே?'
தொலையும்.
தொலைந்ததென்று தெரிந்தால்
பளுதூக்கி இன்னொரு தரம் கேட்டு வாங்கிக்கொள்ளும்,
இல்லையென்றால் பெட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கும்.
தெரியாவிட்டால்தான்
இறக்கிவிடும்.

விடிந்திருந்தது.
ஜெனரேட்டர் மூடியின் கதகதப்பில் இரண்டு குரங்குகள்.
மொட்டை மாடியிலிருந்து பார்த்தால்
துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள், முறைக்குக் காத்து.
எண்ணினேன், பதினொன்று.
பழக்க தோஷம், மறுபடியும் எண்ணினேன்.
பன்னிரண்டு.