எரியாத டன்கள்

முப்பத்திரண்டு ஆண்டுகள்
இந்த ஊருக்கு இருட்டு வந்ததில்லை.
கோழிகள் நேரங்கெட்டுக் கூவின,
மழை கூரைத் தகரத்தைத் தின்றது.
ஒனாஜிட்டே மட்டும்
வாயு எரியும் குழாயின் அனலில்
மரவள்ளித் துருவலைப் பரப்பி
விடிவதற்குள் மூட்டை கட்டிவிடுவாள்.
விறகுக்குக் காசில்லை, வெயிலுக்குக் காத்திருப்பில்லை.

போன ஜூனில் அணைத்தார்கள்.
அணைந்ததைச் சரிபார்க்க
லாகோஸிலிருந்து வந்தவன் நான்,
ஒரு மீட்டரோடும் அறுபது பக்கப் படிவத்தோடும்.

இருப்பதை அளப்பதல்ல என் வேலை.
அணைக்காமல் விட்டிருந்தால்
எவ்வளவு எரிந்திருக்கும் என்று எழுத வேண்டும்.
நடக்காத ஒன்றை நிறுத்து
டன்னுக்கு ஒரு சீட்டு கிழிக்க வேண்டும்.
"கொஞ்சம் தாராளமாக எழுதுங்கள்,
யாருக்கு நஷ்டம்?" என்றார்
கம்பெனிப் பொறியாளர் எபிகாபோ,
வறுத்த மீனை என் பக்கம் நகர்த்தியபடி.

ரோட்டர்டாமில் ஒரு சுத்திகரிப்பு ஆலை
அந்தச் சீட்டை வாங்கும்.
தன் புகைபோக்கியைத் தொடாமலே
இங்கே எரியாததைத்
தன் கணக்கில் கழித்துக்கொள்ளும்.

எரிகிற வீட்டில்
பிடுங்கின மட்டும் லாபம் என்பார்கள்.
அணைந்த வீட்டிலும்
மிச்சம் இருக்கிறது போல.

"இதில் என் மாவு எந்தப் பக்கம்?"
படிவத்தை எட்டிப் பார்த்துக் கேட்டாள் ஒனாஜிட்டே.
புரட்டினேன்.
சமூகப் பலன்கள், பக்கம் நாற்பத்தொன்று:
குழந்தைகளின் இருமல் குறைந்தது.
பொய்யில்லை. அவளே சொன்னாள்,
சின்னவன் இப்போது இரவு முழுக்கத் தூங்குகிறான்.
சொல்லிக்கொண்டே
அலையாத்திக் கட்டையை அடுப்புக்குள் தள்ளினாள்.
பச்சை விறகு.
புகை இருவர் கண்ணையும் கரித்தது.

கசிவு என்று ஒரு கட்டம் உண்டு,
ஓரிடத்தில் அடைத்தது
வேறிடத்தில் ஒழுகுகிறதா என்று கேட்கும்.
எல்லோரும் 'இல்லை' என்றே நிரப்புவோம்.
நான் எழுதினேன்:
ஓர் அடுப்பு. நாளொன்றுக்கு இரண்டு கட்டு விறகு.
தெருவில் இன்னும் பதினேழு அடுப்புகள்.

மடிக்கணினி யோசித்தது.
தசமப் புள்ளிக்குப் பின்னால் வெகுதூரம் போய்
சுழியம் என்று திரும்பி வந்தது.

ஏழு மணிக்கு இருட்டியது.
எபிகாபோ காரை முடுக்கி ஹாரன் அடித்தார்.
சின்னவன் வாசலில் நின்று
மேலே பார்த்தான், பிறகு அம்மாவிடம்
இத்தனை ஓட்டை எப்போது விழுந்தது
என்று கேட்டான்.
மழை வந்தால் ஒழுகுமே என்றான்.

பதில் சொல்லவில்லை அவள்.
நனைந்த துருவலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.
நான் இன்னும் கையெழுத்திடவில்லை.