காற்று போன வழி

மருதானைக் கடையில் சனிக்கிழமை,
மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்.
துவான் சரூக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து
ஏழு மவுத்பீஸ்களைத் துவாயில் பரப்புகிறார்,
மீன்காரன் பாரையைப் பரப்புகிற கவனத்தோடு.
மீனைச் செவுள் பார்த்து வாங்கலாம்.
ட்ரொம்போன் மவுத்பீஸை
வாயில் வைத்துத்தான் வாங்கவேண்டும்.
ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஸ்பிரிட் பஞ்சு.
நாக்கெல்லாம் ஆசுபத்திரி.

முதலாவது மெல்லிய விளிம்பு.
தகரத்தில் ஆணி கீறினது போல் ஒரு பிரகாசம்.
எட்டு வயதில் சைக்கிளால் விழுந்து
மேற்சொண்டில் போட்ட மூன்று தையலை
உடனே கண்டுபிடித்துவிட்டது.
வேண்டாம்.

அடுத்தது அகலம், ஓரமெல்லாம் மெத்தென்று.
சொண்டு சுகமாய்ச் சாய்ந்தது,
சாய்ந்தபடியே நித்திரை கொண்டது.
மேல் எஃப் கேட்டால் எழும்ப மாட்டேன் என்கிறது.
எனக்குத் தெரியும் இந்தச் சுகம்.
பதினொரு வருசமாய்க் கோட்டையில்
ஒரு கப்பல் கொம்பனியின் கணக்குப் பிரிவில்
இதற்குள்தான் இருக்கிறேன்.

பிறகு ஆழக் கிண்ணம் ஒன்று.
ஊதினேன், ஊதினேன்,
கிணற்றுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி
நேரம் கழித்துத்தான் பதில் வந்தது.
ஆனால் என்ன பதில்!
அரை நிமிசத்தில் கண் இருண்டது.

"உங்கட பழசக் காட்டுங்க மிஸ்."

காட்டினேன்.
வாத்தியம் யப்பானில் ஏதோ பள்ளிக்கூடம் கழித்து
கொள்கலனில் வந்தது. பெரிய வாய்.
மவுத்பீஸ் கொட்டாஞ்சேனை டெரன்ஸ் தந்தது.
சின்னத் தண்டு.
ஒன்றுக்குள் ஒன்று ஆடும்.
ஆடாமலிருக்க
ஒரு பஸ் டிக்கெட்டை மடித்துச் சுற்றியிருந்தேன்,
ஆறு வருசத்துக்கு முன்,
பெட்டியைத் தூக்கிவிட்டார்கள் என்ற அவசரத்தில்,
அன்றைக்கு மட்டும் என்று.

சரூக் ஒன்றும் சொல்லவில்லை.
சிகரட் தாளொன்றைப் பொருத்தின இடத்தருகே பிடித்து
"ஊதுங்க" என்றார்.

தாள் நடுங்கியது.

அவ்வளவுதான்,
பூனையின் மீசை அசைகிற அளவு.

ஆறு வருசம் என் நுரையீரலைத் திட்டினேன்.
காலிமுகத்திடலில் விடிய ஐந்தரைக்கு நடந்தேன்.
எக்ஸ்ரே எடுத்தேன், சுத்தம் என்றார்கள்,
நம்பவில்லை.
எட்டு எண்ணும்வரை நிற்கவேண்டிய ஸ்வரம்
ஆறில் முறியும்போதெல்லாம்
டெரன்ஸ் ட்ரம்பெட்டுக்கு மேலால் திரும்பிப் பார்ப்பான்.
பொம்பிளை மூச்சு, என்று யாரோ ஒருமுறை சொன்னார்கள்.
எல்லாரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
அந்தச் சிரிப்பைத்தான்
எங்கே போய்த் திருப்பி வாங்குவது.

சரூக் நகத்தால் டிக்கெட்டை உரித்தார்.
நூற்றைம்பத்தைந்தாம் இலக்கம். பதினாலு ரூபாய்.
தேதி என் துப்பலில் கரைந்திருந்தது.

ஐந்தாவதை அவரே எடுத்துத் தந்தார்.
பெரிய தண்டு, நடுத்தர விளிம்பு,
உள்ளோரம் மட்டும் லேசாய் உருட்டினது.
வைத்தேன்.
தையல் மூன்றும் பேசாமலிருந்தன.
காற்று போனது, போனது,
போயா நாளில் காலி வீதியில் போகிற பஸ்ஸைப் போல,
எந்தச் சந்தியிலும் நிற்காமல்.
எட்டு வந்ததா, பத்து வந்ததா,
எண்ண மறந்துபோனேன்.
வாசலில் நின்ற ஆட்டோக்காரன்
எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டான்.

சரூக் கல்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்.
அரை மாதச் சம்பளம்.
"ரெண்டு தவணை?" என்றேன்.
கூரையைப் பார்த்து, பிறகு ஓம் என்றார்.
மற்ற ஆறையும் துவாயோடு சுருட்டினார்.

திரும்புகிற பஸ்ஸில் இருக்க இடமில்லை.
கொண்டக்டர் டிக்கெட்டைத் தந்தார்.
என் விரல்கள் தாமாகவே அதை
நீளவாக்கில் மடித்தன, ஒருமுறை, இன்னொருமுறை,
மெல்லிசாய்.
பிறகு என்ன செய்வதென்று தெரியாமல்
கம்பியைப் பிடித்துக்கொண்டன.

நாளை மாதம்பிட்டியில் ஒரு அடக்கம்.
செத்தவரின் பெயரை இன்னும் யாரும் சொல்லவில்லை.
டெரன்ஸ் திரும்பிப் பார்ப்பான்.
மெதுவா, என்பான் கையால்.