நெடுகை 1,850

நாற்பத்தொன்றாம் நாள் வந்தது பதில்.
‘தாங்கள் கோரிய விவரம்
இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை.’
மேல்முறையீட்டோடு இணைக்க
வேதவல்லி அதை என் கடையில்தான் நகலெடுத்தாள்.
இரண்டு ரூபாய். வாங்கவில்லை என்று எழுத ஆசை.
வாங்கினேன்.

அடுத்த பதிலில் எண்கள் இருந்தன.
மணலிக்கோட்டை ‘பி’ வாய்க்கால்,
நெடுகை 0 முதல் 2,400 மீட்டர் வரை,
தூர்வாரிய சராசரி ஆழம் 0.9,
பணி முடிவுற்றது, தொகை வழங்கப்பட்டது.
‘முடிவுற்றது’க்குக் கீழே இரண்டு முறை
கோடு போட்டார் நூருல் அமீன்,
மன்னார்குடியில் டைல்ஸ் கடை,
ஊரில் நாலு மா நிலம்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர் இறங்கினோம்.
கொத்தனாரிடம் கடன் வாங்கிய முப்பது மீட்டர் டேப்,
ஆணியடித்து அளவு குறித்த மூங்கில்,
நாற்பது பக்க நோட்டு.
டேப்பின் நுனியோடு மரியதாஸ் முன்னால் போக,
வேதவல்லி எண்ணைக் கூவ,
நான் எழுதினேன்.
முன்னூறில் 0.4.
அறுநூறில் 0.35, நடுவில் ஒரு மண்திட்டு.
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதில்
பொக்லைன் திரும்பிப் போன தடம்
காய்ந்த சேற்றில் அச்சுப் பிசகாமல்:
வளைந்து, கரையேறி, தார்ச்சாலைக்கு.
அதற்கப்பால் ஐந்நூற்றைம்பது மீட்டர்
நெய்வேலிக் காட்டாமணக்கு
ஊதாவாய்ப் பூத்து நின்றது,
தொகை வழங்கப்பட்ட மகிழ்ச்சியில்.

அன்றிரவு ஷட்டரை இழுக்கும்போது ஞாபகம் வந்தது.
ஒப்பந்தக்காரரின் பில்லும்
இதே எந்திரத்தில்தான் மூன்று பிரதி.
கொண்டுவந்த பையன்
கொஞ்சம் கருப்பா வரட்டும் அண்ணே என்றான்.
கூட்டி வைத்தேன்.

மே தினக் கிராம சபை.
வாய்க்கால் நீர்வளத்துறை, நமக்கதில் வேலையில்லை
என்றார் தலைவர்.
செயலர் பேனாவை மூடினார்.
பந்தலின் கடைசி வரிசையில்,
நூறு நாள் வேலை அட்டையை மடியில் செருகியபடி
பூங்காவனம்:
“தீர்மானத்துல ஏத்துங்க.
ஏத்துற வரைக்கும் எந்திரிக்க மாட்டோம்.
பந்தல் வாடகை ஒங்க கணக்குல ஏறட்டும்.”
மதியச் சோறு ஆறியது.
பேனா திறந்தது.

உதவிப் பொறியாளர் ஜீப்பில் வந்தார்.
ஆழம் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்,
பிறகு நாங்கள் அளக்காத ஒன்றை அளந்தார்:
அகலம்.
வரைபடத்தில் ஆறு மீட்டர்.
ஆயிரத்து இருநூறில் நாலரை.
மீதி ஒன்றரை
வைத்திலிங்கத்தின் வயலுக்குள் பச்சையாக இருந்தது.
எங்கள் மனுவில் மூன்றாவது கையெழுத்து அவருடையது.
அவர் குனிந்து
செருப்பின் சேற்றைக் குச்சியால் வழித்துக்கொண்டிருந்தார்,
வெகுநேரம்.
“மொதல்ல ஒங்களுக்குள்ள பேசிக்குங்க சார்”
என்று சிரித்துவிட்டு ஏறினார் பொறியாளர்.

நாலு இரவு பேசினோம், டைல்ஸ் கடையில்,
பிரிக்காத பெட்டிகள் மேல் உட்கார்ந்து.
பெயரை அடித்துவிடலாமா என்றார் அமீன்.
அகலத்தை விட்டுவிடலாமே என்றான் மரியதாஸ்.
பெயரை அடிக்கக் கூடாது,
அளவையும் மறைக்கக் கூடாது என்றாள் வேதவல்லி.
அவர் அவளுக்குத் தாய்மாமன்.
இரண்டும் அறிக்கையில் போயின.
வைத்திலிங்கம் என் கடைப் பக்கம்
ஆறு மாதம் வரவில்லை.

இப்போது தலைமதகில் ஒரு பலகை நிற்கிறது:
தொடக்கம், முடிவு, ஆழம், தொகை.
ஐந்து பாசனதாரர் கையெழுத்திடாமல்
பில் நகராதென்று ஒரு சுற்றறிக்கை.
பலகையில் ஆட்டுக்காரர்கள் துண்டைக் காயப்போடுகிறார்கள்.
தொகை மட்டும் தெரிவதில்லை அப்போது.
வைத்திலிங்கத்தின் வரப்பு
ஓர் இரவில் முக்கால் மீட்டர் பின்வாங்கியிருந்தது.
மீதி முக்காலை யாரும் இன்னும் கேட்கவில்லை.

ஆனிக் கடைசியில் தண்ணீர் வந்தது,
நுரையும் சருகும் ஒற்றைச் செருப்புமாக.
1,850ஐத் தாண்டியது.
நாங்கள் கூடவே நடந்தோம், அதைவிட மெதுவாக.
2,310இல் நின்றுவிட்டது.
அதற்கப்பால்தான் பூங்காவனத்தின் குத்தகை, ஒன்றரை மா.

மறுநாள் கடை திறக்குமுன் படியில் நின்றாள்.
“பத்து ரூவா வில்லை இருக்கா?”
இருந்தது.
மனுவைத் தானே எழுதி வந்திருந்தாள்,
எழுத்து சாய்ந்து, எண்கள் மட்டும் நிமிர்ந்து.
வில்லையை நாக்கில் வைத்து
ஈரப்படுத்தி
ஒட்டினாள்.