கூத்தாநல்லூர் – திருச்சி, டீசல் கணக்கு

முதலாளி நத்தர்ஷா நூறு பக்க நோட்டு ஒன்று போட்டிருக்கிறார்.
தேதி, கிலோமீட்டர், லிட்டர், வகுத்தால் என்ன வருகிறது.
காரணம் எழுத
இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டம்.

ஒரே வண்டி. ஒரே ரோடு.
மன்னார்குடி, வடுவூர், தஞ்சாவூர், செங்கிப்பட்டி, ஏர்போர்ட்.
ஏற்றிவிடப் போனால் இருபத்துநாலு கொடுக்கிறது,
அழைத்துவரப் போனால் பதினேழு.

ஏற்றிவிடும் நாளில்
ஊசி அறுபதைத் தாண்டினால்
பின் சீட்டில் ஜெய்த்தூன் இருமுவாள்.
"நேரம் கிடக்கு தம்பி."
பாதி ரோட்டை மறித்து நெல் காய்ந்தால்
தூரத்திலேயே காலை எடுத்துவிடுவேன்,
வண்டி தானாக உருளும்.
வாத்துக்கூட்டம் கடந்து முடிய
என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருப்போம்.
கடைசி வாத்தும் போனபின்
இன்னும் கொஞ்சம்.

அதே ஜெய்த்தூன் இரண்டு வருஷம் கழித்து
என் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு
"இந்த பஸ்ஸத் தாண்டேன் தம்பி" என்பாள்.
தாண்டுவேன். தொண்ணூறு, நூறு.
அடுத்த வளைவில் நெல்குவியல். மிதிப்பேன்.
பிரேக்கில் தேய்வது ஏற்கெனவே எரித்த டீசல்தான்,
தெரியும்.
மறுபடி மூன்றாம் கியர், மறுபடி மிதி.
திரும்பும்போது கேரியரில் அட்டைப்பெட்டிகள்,
காற்று அவற்றைப் பிடித்து இழுக்கும்.
உள்ளே ஏசி, நெருக்கி ஏழு பேர், அத்தனை அத்தர்.

ஒருதரம் காரணக் கட்டத்தில்
'ஆடி மாசம், எதிர்க்காற்று' என்று எழுதினேன்.
நத்தர்ஷா மூக்குக்கண்ணாடியை இறக்கினார்.
"போகையில எதுத்தா வரையில தள்ளுமே, மதியழகா?
டயர்ல காத்து பாத்தியா?
இல்ல, டீசல் வேற எங்கயும் போவுதா?"
முப்பத்துமூணு இருக்கிறது என்றேன்.
இரண்டாவது கேள்விக்கு டீ குடித்தேன்.

போன மாதம் இருபத்தாறு வந்தது.
அழைத்துவரப் போன சவாரி.
ஏர்போர்ட் வாசலில் ஒரே ஆள், ஒரு தோள்பை.
வீட்டில் யாருக்கும் சொல்லவில்லையாம்.
"கம்பெனிய மூடிட்டான். மெதுவாவே போங்க.
இருட்டினப்புறம் ஊருக்குள்ள நுழைஞ்சா போதும்."
ஏசி வேண்டாம் என்றார்.
நாற்பத்தைந்தில் வந்தோம்,
வைக்கோல் லாரியெல்லாம் எங்களைத் தாண்டிப் போனது.
வடுவூர் ஏரிக்கரையில் நிறுத்தச் சொன்னார்.
இறங்கவில்லை.

நத்தர்ஷா இரண்டுமுறை வகுத்துப் பார்த்தார்.
"இப்புடி ஓட்டணும்" என்று
எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு,
நான் காலியாக விட்டிருந்த கட்டத்தில்
அவரே எழுதினார்:
கால் பக்குவம்.